அக்டோபர் 1: அமெரிக்க பேஸ்பாலின் கணக்கு முடிக்கும் நாள்

அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் வரலாற்றைத் தேதிவாரியாகப் பிரித்துப் படிப்பவர்களுக்கு, பெரும்பாலான தேதிகள் ஓரிரு நிகழ்ச்சிகளோடு நின்றுவிட, ஒருசில தேதிகளில் மட்டும் அந்த ஆட்டத்தின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பது தெரியவரும். அத்தகைய தேதிகளில் அக்டோபர் 1 தலையாயது. உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டித் தொடரின் முதல் ஆட்டம் 1903இல் இந்த நாளில் ஆடப்பட்டது. அதே தொடரைச் சூதாடிகளுக்கு விற்ற சதி 1919இல் இந்த நாளில் களம் இறங்கியது. பேப் ரூத்தின் புகழ்பெற்ற சைகை 1932இலும், ரோஜர் மாரிஸின் 61ஆவது ஹோம் ரன் 1961இலும், ஜப்பானிய வீரர் இச்சிரோ சுசுகியின் 258ஆவது ஹிட் 2004இலும் இதே நாளில் நிகழ்ந்தன. இவற்றைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒவ்வொன்றின் பின்புலத்தையும் ஆராய்ந்தால், ஒரு பருவத்தில் எத்தனை ஆட்டங்கள் ஆடப்பட வேண்டும் என்று நிர்வாகிகள் போட்ட கணக்கே இவற்றை இந்தத் தேதிக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதும், அந்தக் கணக்கு மாறியபோது சாதனைகளை மதிப்பிடும் நியாயமும் தடுமாறியது என்பதும் புலப்படும்.

அந்தக் கணக்கு எளிமையானது. முதன்மை லீக்குகள் என்று அறியப்படுபவை இரண்டு: 1876இல் தோன்றிய நேஷனல் லீக், 1901இல் அதற்குப் போட்டியாக முதன்மைத் தகுதி கோரி எழுந்த அமெரிக்கன் லீக். ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள் இருந்தன. ஓர் அணி தன் லீக்கின் மற்ற ஏழு அணிகளோடு தலா 20 முறை மோதினால் 140 ஆட்டங்கள், 22 முறை மோதினால் 154 ஆட்டங்கள். 1904 முதல் 154 என்பதே வழக்கமாயிற்று. 1903 முதல் 1952 வரை இந்த 16 அணிகளும் இடம் மாறாமல் பத்தே நகரங்களில் இருந்தன. மேற்கே செயின்ட் லூயிஸும் தெற்கே வாஷிங்டனும் செயின்ட் லூயிஸுமே எல்லை. மற்றவை பாஸ்டன், நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் போன்ற, பனிக்காலம் நீண்டு கிடக்கும் வடபுல நகரங்கள். ஏப்ரல் நடுவில் குளிர் விலகிய பிறகே ஆட்டத்தைத் தொடங்க முடியும். அக்டோபர் நடுவுக்குள் முடித்துவிடவும் வேண்டும். ஏறக்குறைய நாள்தோறும் ஆடினாலும் 154 ஆட்டங்கள் முடியச் செப்டம்பர் இறுதி ஆகிவிடும். ஆகவே பருவத்தின் நீளத்தைப் பொறுத்து, அக்டோபர் 1 என்பது ஓர் ஆண்டு லீக் ஆட்டங்களின் கடைசி நாளாகவும், மற்றோர் ஆண்டு உலகத் தொடரின் தொடக்க நாளாகவும், வேறோர் ஆண்டு சமநிலை உடைக்கும் ஆட்டத்தின் நாளாகவும் அமைந்தது.

1903ஆம் ஆண்டுப் பருவம் 140 ஆட்டங்களைக் கொண்டது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இரு லீக்குகளும் ஒன்றின் வீரர்களை மற்றொன்று ஊதிய ஆசை காட்டி இழுத்துக்கொண்டிருந்தன. அமெரிக்கன் லீக்கின் தலைவர் பான் ஜான்சன் இந்தப் போட்டியை முன்னின்று நடத்தினார். 1903இன் தொடக்கத்தில் உடன்படிக்கை ஏற்பட்டு, ஒருவர் ஒப்பந்தத்தை மற்றவர் மதிப்பது என்று முடிவான பிறகும், இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதிக்கொள்ள வேண்டும் என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை. நேஷனல் லீக்கில் முதலிடம் பெற்ற பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் உரிமையாளர் பார்னி ட்ரைஃபஸும், அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்ற பாஸ்டன் அமெரிக்கன்ஸ் அணியின் உரிமையாளர் ஹென்றி கில்லிலியாவும் தங்களுக்குள் செய்துகொண்ட தனி ஒப்பந்தத்தின்படியே, ஒன்பது ஆட்டங்களில் ஐந்தை முதலில் வெல்பவர் வாகையர் என்ற நிபந்தனையோடு, தொடர் அக்டோபர் 1 அன்று பாஸ்டனின் ஹண்டிங்டன் அவென்யூ மைதானத்தில் தொடங்கியது. இன்று நாட்டின் பெருவிழாவாகக் கொண்டாடப்படும் ஒரு நிகழ்ச்சி, இரண்டு வணிகர்களின் கையொப்பத்தில் பிறந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட அந்த ஆட்டத்தில் பாஸ்டனுக்காகப் பந்து வீசியவர் சை யங். பேஸ்பாலில் ஓர் அணியின் பந்துவீச்சாளர் ஒருவரே இயன்றவரை முழு ஆட்டத்தையும் வீசுவது அக்கால மரபு. ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அவர் பெயரிலேயே பதிவாகும். தம் ஆட்ட வாழ்வில் 511 வெற்றிகளைக் குவித்து, இன்றும் எவரும் நெருங்காத உயரத்தில் நிற்கும் யங், அன்று முதல் இன்னிங்ஸிலேயே நான்கு ஓட்டங்களைக் கொடுத்துத் தடுமாறினார். பிட்ஸ்பர்க்கின் ஜிம்மி செப்ரிங் ஏழாவது இன்னிங்ஸில் அடித்தது உலகத் தொடர் வரலாற்றின் முதல் ஹோம் ரன், அதாவது ஒரே அடியில் நான்கு தளங்களையும் சுற்றி வந்து எடுக்கும் ஓட்டம். டீக்கன் ஃபிலிப்பியின் பந்துவீச்சில் பிட்ஸ்பர்க் 7–3 என்று வென்றது. ஆயினும் தொடரின் முடிவில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் வாகை சூடியது பாஸ்டனே. மறு ஆண்டே, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி எதிர் லீக்கோடு ஆட மறுத்ததால் தொடர் நடைபெறவில்லை. 1905இல் விதிமுறைகள் வகுக்கப்பட்ட பிறகே அது நிலையான வழக்கமாயிற்று. ஹண்டிங்டன் அவென்யூ மைதானம் இருந்த இடத்தில் இப்போது நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே யங்கின் சிலை ஒன்று நிற்கிறது.

140 ஆட்டங்கள் என்ற கணக்கு 1919இல் மீண்டும் வந்தது. முதல் உலகப் போரால் முந்தைய ஆண்டின் பருவம் செப்டம்பர் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருந்தது. போர் முடிந்த பின்னும் மக்கள் மைதானத்துக்குத் திரும்புவார்களா என்ற அச்சத்தில் உரிமையாளர்கள் பருவத்தைச் சுருக்கினார்கள். மக்களோ பெருந்திரளாக வந்தார்கள். சுருங்கிய பருவத்தின் விளைவாக உலகத் தொடர் அக்டோபர் 1 அன்று சின்சினாட்டியின் ரெட்லேண்ட் மைதானத்தில் தொடங்கியது. ஒருபுறம் உள்ளூர் ரெட்ஸ் அணி, மறுபுறம் எல்லோராலும் வலிமையானதாகக் கருதப்பட்ட சிகாகோ ஒயிட் சாக்ஸ். சிகாகோவின் பந்துவீச்சாளர் எடி சிகாட் அந்தப் பருவத்தில் 29 வெற்றிகளைப் பெற்றவர், பந்தை நினைத்த இடத்தில் நிறுத்தும் துல்லியத்துக்குப் பெயர் போனவர். ரெட்ஸ் அணியின் முதல் மட்டையாளர் மோரி ராத்துக்கு அவர் வீசிய இரண்டாவது பந்து ராத்தின் முதுகில் பட்டது. பந்து உடலில் பட்டால் மட்டையாளருக்கு முதல் தளம் இலவசமாகக் கிடைக்கும் என்பது விதி. மைதானத்தில் இருந்தவர்களுக்கு அது கைதவறிய ஒரு பந்து. தொடர் விலைபோய்விட்டது என்று சூதாடிகளுக்குத் தெரிவிக்கும் அடையாளம் அது என்பது பின்னர் வெளிவந்தது.

நான்காவது இன்னிங்ஸில் ரெட்ஸ் ஐந்து ஓட்டங்களை எடுத்தபோது சிகாட் ஆட்டத்திலிருந்து அகற்றப்பட்டார். ரெட்ஸின் பந்துவீச்சாளராகிய டச் ரூதரே மூன்று தளங்களைக் கடக்கும் அடிகள் இரண்டை அடித்தார் என்பது, பந்துவீச்சாளர்கள் பொதுவாக மட்டை பிடிப்பதில் பலவீனமானவர்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அன்றே ஐயம் தந்திருக்க வேண்டும். 9–1 என்ற கணக்கில் ஆட்டம் முடிந்தது. ஐந்துக்கு மூன்று என்று ரெட்ஸ் தொடரை வென்றது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், 1920 செப்டம்பரில், சிகாட் சிகாகோவின் விசாரணைக் குழுவின் முன் 10,000 டாலர் பெற்றதை ஒப்புக்கொண்டார். நியூயார்க் சூதாட்டத் தலைவர் ஆர்னால்ட் ரோத்ஸ்டைனின் பணம் இதன் பின்னால் இருந்தது என்று பரவலாக நம்பப்பட்டாலும், அவர் மீது குற்றம் சாட்டப்படவே இல்லை. எட்டு வீரர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள்; 1921 ஆகஸ்ட் 2 அன்று நடுவர் குழு அவர்கள் குற்றமற்றவர்கள் என்றது; அடுத்த நாளே, பேஸ்பாலின் முதல் ஆணையராகப் பொறுப்பேற்றிருந்த நீதிபதி கெனிசா மவுண்டன் லாண்டிஸ், நீதிமன்றத்தின் முடிவு எதுவாயினும் இவர்கள் இனித் தொழில்முறை ஆட்டத்தில் காலடி வைக்கக் கூடாது என்று வாழ்நாள் தடை விதித்தார். ஆணையர் என்ற பதவியே இந்த ஊழலின் விளைவாகத்தான் தோன்றியது.

ஒயிட் சாக்ஸ் உரிமையாளர் சார்லஸ் கமிஸ்கியின் கஞ்சத்தனமே வீரர்களைச் சதிக்குத் தள்ளியது என்ற விளக்கம் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. ஊதியப் பதிவுகளை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர்கள், அந்த அணியின் மொத்த ஊதியம் அன்றைய அணிகளுள் உயர்ந்தவற்றில் ஒன்று என்று காட்டியிருப்பதால், அந்த விளக்கத்தை இன்று அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால், ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர் மீதான உரிமையை அணியே வைத்துக்கொள்ளலாம் என்ற விதி அவர்களின் பேரம் பேசும் வலிமையை முற்றிலும் பறித்திருந்தது என்பதையும் மறுக்க முடியாது. அந்த எட்டுப் பேருள் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் தொடரில் 12 ஹிட்டுகளோடு 0.375 என்ற சராசரியில் ஆடியவர். பக் வீவர் பணம் எதுவும் பெறாமல், சதியை அறிந்தும் சொல்லாமல் இருந்தவர். உண்மையை மறைத்த குற்றத்துக்கும் விற்ற குற்றத்துக்கும் ஒரே தண்டனை என்பது கடுமையானது. வீவரின் வழக்கில் அது அநீதி என்றே சொல்ல வேண்டும். இறந்தவர்களின் பெயர்களைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்குவதாக ஆணையர் ராப் மான்ஃபிரெட் 2025 மே மாதம் அறிவித்தபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீடித்த அந்தத் தடை விலகியது.

1932ஆம் ஆண்டின் அக்டோபர் 1 வேறு வகையான புதிரைத் தந்தது. சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் கப்ஸ் அணியோடு நியூயார்க் யாங்கீஸ் ஆடிய மூன்றாவது ஆட்டம் அது. அடுத்த மாதம் குடியரசுத் தலைவர் தேர்தலில் வெல்லவிருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பார்வையாளராக வந்திருந்தார். முன்னாள் யாங்கீஸ் வீரரான மார்க் கோனிக்குக்குக் கப்ஸ் அணி பரிசுத் தொகையில் அரைப்பங்கே ஒதுக்கியதை யாங்கீஸ் வீரர்கள் கேலி செய்ததால் இரு தரப்பும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த சூழலில், ஐந்தாவது இன்னிங்ஸில் 4–4 என்ற சமநிலையில் மட்டை பிடித்த யாங்கீஸின் பேப் ரூத், கப்ஸ் பந்துவீச்சாளர் சார்லி ரூட்டை எதிர்கொள்கையில் கையை நீட்டி ஏதோ சைகை செய்தார். பிறகு நடுக்களத்துக்கு அப்பால் பந்தை அடித்து அனுப்பினார். எங்கே அடிக்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே சுட்டிக் காட்டினார் என்று ஒருசாராரும், எதிரணியின் இருக்கைப் பக்கம் விரலை ஆட்டினார், அவ்வளவுதான் என்று மற்றொருசாராரும் இன்றுவரை வாதிடுகிறார்கள். ரூட் கடைசி வரை அதை மறுத்தார். ரூத்தின் வாழ்க்கையைச் சொல்லும் 1948ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் தம் வேடத்தைத் தாமே ஏற்று நடிக்கவும் உடன்படவில்லை. பார்வையாளர் ஒருவர் எடுத்த திரைச்சுருள் பல ஆண்டுகள் கழித்து வெளிவந்தும் சிக்கல் தீரவில்லை. ஐயத்துக்கு இடமில்லாதவை: அது உலகத் தொடரில் ரூத்தின் பதினைந்தாவதும் கடைசியுமான ஹோம் ரன், அவரை அடுத்து வந்த லூ கெரிக்கும் ஹோம் ரன் அடித்தார், யாங்கீஸ் 7–5 என்று வென்று, மறுநாள் தொடரையும் முடித்தது.

இந்த மூன்று நிகழ்ச்சிகளும் கறுப்பின வீரர்களுக்குக் கதவடைத்திருந்த லீக்குகளில் நடந்தவை என்பதை ஒதுக்கிவிட்டு இவற்றின் புகழைப் பேசுவது முறையாகாது. கறுப்பின வீரர்கள் தங்களுக்கான தனி லீக்குகளில் ஆடினார்கள். அந்த லீக்குகளுக்கு முதன்மைத் தகுதி 2020 டிசம்பரில்தான் ஏற்கப்பட்டு, 2024இல் அவற்றின் புள்ளிவிவரங்கள் பொதுப் பதிவேட்டில் சேர்ந்தன. 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கிய பிறகே அந்தக் கதவு திறந்தது.

அந்த டாட்ஜர்ஸ் அணிக்கும் அக்டோபர் 1க்கும் இருந்த உறவு பெரும்பாலும் துயரமானது. லீக் ஆட்டங்கள் முடியும்போது இரண்டு அணிகள் சம வெற்றிகளோடு முதலிடத்தில் நின்றால் கூடுதல் ஆட்டங்கள் ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதன்மை லீக்குகளில் அந்த நிலை முதன்முதலாக 1946இல் ஏற்பட்டது. அக்டோபர் 1 அன்று செயின்ட் லூயிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் கார்டினல்ஸ் 4–2 என்று டாட்ஜர்ஸை வென்றது. தோற்ற பந்துவீச்சாளர் ரால்ஃப் பிராங்கா. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1951 அக்டோபர் 1 அன்று, நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான சமநிலை ஆட்டத்திலும் பிராங்காவே வீசினார், பாபி தாம்சனுக்கு ஒரு ஹோம் ரன் கொடுத்தார், 3–1 என்று தோற்றார். இரண்டு நாட்களுக்குப் பின் அதே தாம்சன் அதே பிராங்காவின் பந்தில் அடித்த ஹோம் ரன்தான் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்பட்ட அடிகளுள் ஒன்றாயிற்று. முதல் நாளின் அடியை அது முற்றிலும் மறைத்துவிட்டது.

இவ்விரண்டுக்கும் இடையே 1950 வருகிறது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அக்டோபர் 1 அன்று புரூக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில். ஃபிலடெல்பியா ஃபிலீஸ் அணி டாட்ஜர்ஸைவிட ஓர் ஆட்டம் முன்னணியில் இருந்தது. டாட்ஜர்ஸ் வென்றால் சமநிலை, ஃபிலீஸ் வென்றால் 1915க்குப் பிறகு முதல் லீக் பட்டம். கொரியப் போரை முன்னிட்டு ஃபிலீஸின் சிறந்த பந்துவீச்சாளருள் ஒருவரான கர்ட் சிம்மன்ஸ் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டிருந்ததால், ராபின் ராபர்ட்ஸ் ஐந்து நாட்களில் மூன்றாவது முறையாக ஆட்டத்தைத் தொடங்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் 1–1 என்றிருக்க, டியூக் ஸ்னைடர் அடித்த பந்தை நடுக்களத்திலிருந்து எடுத்து ரிச்சி ஆஷ்பர்ன் நேராக வீச, வெற்றி ஓட்டத்துக்காக ஓடிவந்த கால் ஆப்ரம்ஸ் இறுதித் தளத்தில் அவுட்டானார். அதன் பிறகும் தளங்கள் நிறைந்து நின்ற இக்கட்டிலிருந்து ராபர்ட்ஸ் மீண்டார். பத்தாவது இன்னிங்ஸில் டான் நியூகோம்பின் பந்தில் டிக் சிஸ்லர் மூன்று ஓட்டங்களுக்கான ஹோம் ரன் அடிக்க, ஃபிலீஸ் 4–1 என்று வென்றது. டிக்கின் தந்தை ஜார்ஜ் சிஸ்லர் தம் காலத்தின் பெரும் மட்டையாளர். அந்நாளில் அவர் பணியாற்றியதோ தோற்ற டாட்ஜர்ஸ் நிர்வாகத்தில். பெற்ற மகனின் அடியால் தாம் சார்ந்த அணி வீழ்வதைப் பார்க்க நேர்ந்த தந்தை அவர்.

கடைசி நாளின் விறுவிறுப்புக்கு 1967 மற்றொரு சான்று. முந்தைய ஆண்டு பத்து அணிகளுள் ஒன்பதாவதாக நின்ற பாஸ்டன் ரெட் சாக்ஸ், அக்டோபர் 1 அன்று தன்னோடு சமநிலையில் இருந்த மினசோட்டா ட்வின்ஸை 5–3 என்று வென்றது. கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி மட்டை பிடித்த நான்கு முறையும் ஹிட் எடுத்தார். அன்று மாலை, பட்டப் போட்டியில் எஞ்சியிருந்த டெட்ராய்ட் அந்நாளின் தன் இரண்டாவது ஆட்டத்தில் தோற்றதும் பட்டம் பாஸ்டனுக்கு உறுதியாயிற்று. பின்னர், 2007 அக்டோபர் 1 அன்று கொலராடோ ராக்கீஸும் சான் டியகோ பாட்ரேஸும் ஆடிய சமநிலை ஆட்டம் 13 இன்னிங்ஸ் நீண்டு, இறுதித் தளத்தை நோக்கிச் சறுக்கி வந்த மாட் ஹாலிடே அதை உண்மையில் தொட்டாரா என்ற தீராத கேள்வியோடு 9–8 என்று ராக்கீஸ் பக்கம் முடிந்தது. 2018 அக்டோபர் 1 அன்று ஒரே நாளில் இரண்டு சமநிலை ஆட்டங்கள் நடந்தன: மில்வாக்கி சிகாகோ கப்ஸை 3–1 என்றும், டாட்ஜர்ஸ் ராக்கீஸை 5–2 என்றும் வென்றன. அவையே கடைசி. 2022 முதல் சமநிலையைப் பருவத்தில் ஏற்கெனவே முடிந்த ஆட்டங்களின் கணக்கைக் கொண்டே தீர்த்துவிடுகிறார்கள். முதல் சமநிலை ஆட்டமும் கடைசிச் சமநிலை ஆட்டங்களும் 72 ஆண்டு இடைவெளியில் ஒரே தேதியில் அமைந்தன. அட்டவணையின் வசதிக்காகக் களத்தின் தீர்ப்பைக் காகிதத்தின் தீர்ப்பாக மாற்றியது, இந்த விளையாட்டு தன் கையாலேயே தனக்கு இழைத்துக்கொண்ட இழப்பு.

கணக்கின் கொடுமையை முழுமையாக அனுபவித்தவர் ரோஜர் மாரிஸ். 1927 செப்டம்பர் 30 அன்று பேப் ரூத் தம் 60ஆவது ஹோம் ரன்னை அடித்து, ஒரு பருவத்தின் உச்ச எண்ணிக்கையை நிறுவினார். 154 ஆட்டங்கள் கொண்ட பருவம் அது. 1961இல் அமெரிக்கன் லீக் எட்டு அணிகளிலிருந்து பத்து அணிகளாக விரிந்தது. பழைய கணக்கின்படி ஒன்பது எதிரணிகளோடு தலா 22 முறை ஆடினால் 198 ஆட்டங்களாகிவிடும். ஆகவே தலா 18 முறை என்று குறைத்து, 162 ஆட்டங்கள் என்று வைத்தார்கள். அந்த எட்டுக் கூடுதல் ஆட்டங்கள் வெறும் பெருக்கல் கணக்கின் விளைவு. எந்தச் சாதனையையும் எண்ணிச் சேர்க்கப்பட்டவை அல்ல. ஆனால் அந்த ஆண்டே யாங்கீஸ் அணியின் மாரிஸும் மிக்கி மாண்டிலும் ரூத்தின் எண்ணிக்கையை நோக்கி விரைந்தார்கள். ஜூலை 17 அன்று ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக், 154 ஆட்டங்களுக்குள் ரூத்தை மிஞ்சினால் மட்டுமே அது முழுச் சாதனை, அதற்குப் பின் என்றால் பதிவேட்டில் தனியே குறிக்கப்படும் என்று அறிவித்தார். ஃப்ரிக் ஆணையராவதற்கு முன் பத்திரிகையாளர். ரூத்தின் பெயரில் வெளிவந்த கட்டுரைகளை எழுதிக்கொடுத்தவர். பருவத்தின் நடுவே, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விதியை வகுத்தவர், தம் நண்பரின் புகழ் சார்ந்த வழக்கில் தாமே நீதிபதியாக அமர்ந்தார் என்பதே இதன் பொருள்.

நோயால் மாண்டில் 54 ஹோம் ரன்களோடு பின்தங்கினார். மாரிஸ் தனித்து விடப்பட்டார். செய்தியாளர்களின் ஓயாத கேள்விகளும், ரூத்தின் இடத்துக்கு இவர் தகுதியானவரா என்ற ரசிகர்களின் வெறுப்பும் சேர்ந்து, அவருடைய தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும் அளவுக்கு மன அழுத்தத்தைத் தந்தன. 154 ஆட்டங்கள் முடிந்தபோது அவர் கணக்கில் 59 இருந்தது; 60ஆவது செப்டம்பர் 26 அன்று வந்தது. அக்டோபர் 1, பருவத்தின் கடைசி நாள். யாங்கீ மைதானத்தில் எதிரணி பாஸ்டன். நான்காவது இன்னிங்ஸில் ட்ரேசி ஸ்டாலார்டின் பந்தை மாரிஸ் வலக்களப் பார்வையாளர் வரிசைக்குள் அடித்தார். ஆட்டத்தின் ஒரே ஓட்டம் அது; யாங்கீஸ் 1–0 என்று வென்றது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அந்த மைதானத்தில் அன்று இருந்தவர்கள் 23,154 பேர் மட்டுமே. 34 ஆண்டுகள் நிலைத்த சாதனை உடையும் நாளில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கைகள் காலியாகக் கிடந்ததற்கு ஃப்ரிக்கின் அறிவிப்பு பெரிதும் காரணமாயிற்று. பந்தைப் பிடித்த 19 வயது இளைஞருக்குக் கலிபோர்னிய உணவக உரிமையாளர் ஒருவர் 5,000 டாலர் கொடுத்தார்.

மாரிஸின் எண்ணுக்கு அருகே நட்சத்திரக் குறி இடப்பட்டிருந்தது என்ற பரவலான நம்பிக்கை தவறு. அத்தகைய குறி எங்கும் அச்சாகவில்லை. இரண்டு சாதனைகளும் தனித்தனியே, 154 ஆட்டப் பருவம் என்றும் 162 ஆட்டப் பருவம் என்றும் அடுத்தடுத்துப் பதியப்பட்டன. ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையிலான குழு இந்தப் பிரிவினையை நீக்கி, 61 என்பதே சாதனை என்று 1991இல் முடிவு செய்தது. மாரிஸ் 1985இலேயே இறந்துவிட்டார். பின்னர் மார்க் மெக்வயரும் பேரி பாண்ட்ஸும் அந்த எண்ணைக் கடந்தது ஊக்கமருந்து பற்றிய குற்றச்சாட்டுகளின் நிழலில்; அமெரிக்கன் லீக்கின் சாதனையாக 61 என்பது, 2022 அக்டோபர் 4 அன்று ஆரன் ஜட்ஜ் 62ஆவதை அடிக்கும் வரை நிலைத்திருந்தது.

ஃப்ரிக்கின் அளவுகோல் எவ்வளவு தற்செயலானது என்பதை 2004 அக்டோபர் 1 தெளிவாக்கியது. மட்டையாளர் தம் அடியின் பலத்தால் மட்டுமே பாதுகாப்பாகத் தளத்தை அடைவது ஹிட் எனப்படும். ஒரே பருவத்தில் 257 ஹிட் என்ற சாதனையை 1920இல், 154 ஆட்டங்களில், செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக நிறுவியவர் ஜார்ஜ் சிஸ்லர், அதே டிக் சிஸ்லரின் தந்தை. 84 ஆண்டுகளுக்குப் பின் சியாட்டில் மரினர்ஸ் அணியின் இச்சிரோ சுசுகி, அணியின் சொந்த மைதானத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ரயன் ட்ரீஸ் வீசிய பந்துகளில், முதல் இன்னிங்ஸில் சிஸ்லரைச் சமன்செய்து, மூன்றாவது இன்னிங்ஸில் 258ஆவது ஹிட்டோடு முந்தினார். அணியின் 160ஆவது ஆட்டம் அது. சக வீரர்கள் களத்துக்குள் ஓடிவந்து சூழ்ந்துகொள்ள, இச்சிரோ பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த சிஸ்லரின் குடும்பத்தாரிடம் சென்று கைகுலுக்கி வணங்கினார். பருவ முடிவில் அவர் கணக்கு 262. அந்த ஆண்டு 99 ஆட்டங்களில் தோற்ற ஓர் அணியின் மைதானம், அந்த மாலையில் நிரம்பியிருந்தது.

சிஸ்லரைவிடக் கூடுதல் ஆட்டங்களில் இச்சிரோ இதைச் செய்தார் என்று பலரும் குறிப்பிட்டார்கள்; ஆனால் அதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும் என்று எந்த ஆணையரும் சொல்லவில்லை; சொல்லாததே சரி. ஒரு வீரர் தமக்கு வகுத்துத் தரப்பட்ட பருவத்தில்தான் ஆட முடியும். பருவத்தின் நீளத்தை அவர் தீர்மானிப்பதில்லை. 2004இல் இச்சிரோவுக்குக் கிடைத்த நியாயம் 1961இல் மாரிஸுக்கு மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் அதைத் திருத்தியபோது அவர் உயிரோடு இல்லை. பேஸ்பாலின் புகழ் மன்றத்துக்கான எழுத்தாளர் வாக்கெடுப்பில் மாரிஸின் பெயர் 1974 முதல் 1988 வரை 15 முறை இடம்பெற்றும், தேவையான 75 விழுக்காட்டை ஒருமுறையும் எட்டவில்லை. ஜப்பானில் பிறந்து அந்த மன்றத்தில் சேர்க்கப்பட்ட முதல் வீரராக இச்சிரோ 2025இல், ஒரே ஒரு வாக்கு மட்டும் குறைய, தேர்ந்தெடுக்கப்பட்டார். மாரிஸ் இன்னும் அங்கே சேர்க்கப்படவில்லை.